பொன்னே உரைகல்

உணவில் ஒளிந்திருக்கும் கிருமியை விரைவாகக் காட்டிக்கொடுக்கத் தங்கத் துகள்கள் வந்துவிட்டன. அவற்றை எங்கே வைப்பது, யார் கையில் கொடுப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

பகல் 12.30 மணி. நாட்டின் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு அரசுப் பள்ளி. சமையல்கூடத்திலிருந்து வேகவைத்த பருப்பின் வாசனை வகுப்பறை வரை வந்துவிட்டது. மணி அடிப்பதற்கு முன்னால் ஓர் ஆசிரியை எழுந்து அங்கே போகிறார். சமையல் செய்தவர் ஒரு தட்டில் கொஞ்சம் சோறும் பருப்பும் வைத்துக் கொடுக்கிறார். ஆசிரியை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கிறார். தலையாட்டுகிறார். அதன் பிறகுதான் குழந்தைகளுக்குப் பரிமாறலாம். இது சம்பிரதாயம் இல்லை, விதி. மதிய உணவுத் திட்டத்தில் 11.20 லட்சம் பள்ளிகளில் 11.80 கோடிக் குழந்தைகள் சாப்பிடுவதாக 2021இல் மத்திய அரசு கணக்குச் சொன்னது. இந்தியாவின் மிகப் பெரிய உணவுப் பரிசோதனைக் கருவி எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்லலாம்: ஆசிரியரின் நாக்கு.

நாக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பால் திரிந்துவிட்டதா, மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிட்டதா, எண்ணெய் காறலடிக்கிறதா, நேற்றைய குழம்பு நூலாக இழுக்கிறதா என்பதை எந்த வீட்டுப் பாட்டியும் மூடியைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். "ஊசிப்போச்சு" என்ற ஒரே சொல்லில் தீர்ப்பு முடிந்துவிடும். மேல்முறையீடு கிடையாது. மனித குலம் இவ்வளவு தூரம் பிழைத்து வந்ததில் அந்த மூக்குக்கும் நாக்குக்கும் பெரிய பங்கு உண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உணவைக் கெடுக்கும் கிருமி வேறு, ஆளைக் கெடுக்கும் கிருமி வேறு. ஊசிப்போக வைக்கும் பாக்டீரியாக்கள் வாடையாகவும் நுரையாகவும் தங்கள் வருகையை அறிவித்துவிடுகின்றன. சால்மொனெல்லா, ஷிகெல்லா, ஈ.கோலியின் சில கொடிய வகைகள் போன்றவை அப்படி அறிவிப்புக் கொடுப்பதில்லை. அவை இருக்கும் உணவு பார்வைக்கு நன்றாக இருக்கலாம். மணக்கலாம். ருசிக்கவும் செய்யலாம். ஷிகெல்லா விஷயத்தில் 10 முதல் 100 கிருமிகள் உள்ளே போனாலே ஒருவரைப் படுக்கையில் தள்ளப் போதும். அந்த அளவை உணரக்கூடிய நாக்கு எந்தப் பிராணிக்கும் கிடையாது.

அடுத்த சிக்கல் பழமொழியில். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறையின் ஆதாரமான விஞ்ஞானம். அரிசி வெந்ததா என்று பார்ப்பதற்கு அது சரி. சூடு பானை முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் பரவும். கிருமி அப்படிப் பரவுவதில்லை. ஒரு கரண்டியில் கூட்டமாக இருக்கும், அடுத்த கரண்டியில் ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் மசாலாப் பொடி போன்ற பொருள்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கடுமையான கணக்கு வைத்திருக்கின்றன: 25 கிராம் மாதிரியில் ஒரு சால்மொனெல்லாகூட இருக்கக் கூடாது. ஒரு கிண்ணம் உப்பில் ஒரே ஒரு சர்க்கரைத் துகள் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது போன்ற வேலை அது.

அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் உயிர்கள் ஊசலாடுகின்றன.

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் உள்ள செருவத்தூர் பெரிய ஊர் இல்லை. 2022 ஏப்ரல் மாதக் கடைசியில் அங்கே ஒரு கடையில் ஷவர்மா சாப்பிட்ட பலருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டது. பெரும்பாலும் மாணவர்கள். மே 1ஆம் தேதி, 16 வயது மாணவி ஒருவர் இறந்துபோனார். 50க்கும் அதிகமானோர் சிகிச்சை பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் எடுத்த மாதிரிகளில் ஷிகெல்லா இருப்பது தெரிந்தது. கடையிலிருந்து எடுத்த உணவு மாதிரிகளின் முடிவு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. கோழி ஷவர்மாவில் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்தன. மிளகுத்தூளில் சால்மொனெல்லா இருந்தது. அமைச்சர் அறிவித்தார், நாளிதழ்கள் வெளியிட்டன. அறிக்கையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைப் படிக்க அந்தப் பெண் இல்லை.

இதில் சோதனைக்கூடத்தைக் குறை சொல்ல முடியாது. அது சட்டத்தைவிட வேகமாகவே வேலை செய்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், மாதிரி கைக்கு வந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது. வழக்கு நடத்த 14 நாட்கள் போதும். சாப்பிடுகிறவருக்கு அது போதாது. ஷவர்மாவின் ஆயுள் சில மணி நேரம்தான். சில மணி நேரமே உயிரோடு இருக்கும் ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து வருமானால், அதன் பெயர் பரிசோதனை இல்லை, பிரேதப் பரிசோதனை.

ஏன் இவ்வளவு நாள்? சோம்பல் காரணமில்லை. பாக்டீரியா என்பது ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கே நீளமுள்ள உயிர். ஒன்றிரண்டு இருந்தால் பார்க்க முடியாது. ஆகவே அவற்றைப் பெருகவைத்துத்தான் பிடிக்க வேண்டும். 25 கிராம் உணவைச் சத்து நீரில் கலந்து, உடல் சூட்டில், ஏறக்குறைய ஒரு முழு இரவு வைக்கிறார்கள். காய்ந்தும் வெந்தும் குற்றுயிராகக் கிடக்கும் கிருமிகள் தேறி எழுவதற்காக இந்த உபசாரம். மறுநாள் அதில் சில துளிகளை இன்னொரு திரவத்துக்கு மாற்றுகிறார்கள். அதில் சால்மொனெல்லாவுக்குப் பிடித்ததும் மற்றவற்றுக்குப் பிடிக்காததுமான சரக்குகள் இருக்கும். இன்னும் ஒரு நாள். மூன்றாம் நாள், கடற்பாசியிலிருந்து எடுத்த அகார் கூழ் ஊற்றிய தட்டுகளில் அதைக் கோடு கோடாகத் தேய்க்கிறார்கள். நான்காம் நாள் காலையில் தட்டைத் திறந்தால், இளஞ்சிவப்பு வட்டங்களின் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தது போலத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. உறுதிசெய்ய மேலும் ஓரிரு நாட்கள்.

இது நூறாண்டுக்கு மேலாகத் தேறிய முறை. நம்பகமானது. எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கிருமிக்கு எதிராகக் கிருமியையே சாட்சி சொல்ல வைக்கிறது இந்த முறை. சாட்சி வளர்ந்து பெரியவனாகும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் சமையலறையில் மிஞ்சிய உணவிலும் அதே வளர்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. ஈ.கோலி போன்ற பாக்டீரியா வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். அந்தக் கணக்கில் ஒன்று, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். காலை பத்து மணிக்குச் செய்து மாலை ஐந்து மணி வரை ஆறிக் கிடக்கும் உணவில், தட்டு வைத்துக் காத்திருக்காமலே அறுவடை தயாராகிவிடுகிறது.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் தங்கம் வருகிறது.

நகைக்கடைத் தங்கம் மஞ்சள். அதை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்க விட்டால் அது மஞ்சளாக இருப்பதில்லை. மாதுளைச் சாறு போலச் சிவக்கிறது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதை முறையாக ஆராய்ந்து 1857இல் ராயல் சொசைட்டியில் சொற்பொழிவாற்றினார். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய தங்கத் துகள்கள்தான் அந்தச் சிவப்புக்குக் காரணம் என்று அவர் சரியாகவே ஊகித்தார். அவர் தயாரித்த திரவம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் சிவப்பாகவே இருக்கிறது. அதைச் செய்ய இப்போது ஃபாரடே தேவையில்லை. 1951இல் ஜான் டர்க்கெவிச்சும் அவருடைய சகாக்களும் காட்டிய வழி சமையல் குறிப்பு போல எளிமையானது. தங்க உப்பைக் கரைத்த நீரைக் கொதிக்க வைத்து, அதில் சோடியம் சிட்ரேட் சேர்க்க வேண்டும். எலுமிச்சைக்குப் புளிப்பைக் கொடுக்கும் சிட்ரிக் அமிலத்தின் உப்புதான் அது. சில நிமிடங்களில் வெளிறிய திரவம் சிவந்துவிடும்.

இந்தத் துகள் ஒவ்வொன்றும் சுமார் 20 நானோமீட்டர் குறுக்களவு கொண்டது. ஒரு சென்டிமீட்டரில் ஒரு கோடி நானோமீட்டர். சால்மொனெல்லாவின் நீளம் ஏறக்குறைய 2,000 நானோமீட்டர் என்றால், அதன் பக்கத்தில் தங்கத் துகள் யானைக்குப் பக்கத்தில் நெல்லிக்காய். இவ்வளவு சிறியதாகும்போது உலோகத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் ஒளிபட்டதும் ஒன்றாகச் சேர்ந்து ஆடுகின்றன. அந்த ஆட்டம் பச்சை ஒளியை விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது சிவப்பு. துகள்கள் தனித்தனியாக இருக்கும் வரை இந்த நிறம் நிலைக்கும். ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டால் ஆட்டம் மாறும், நிறமும் நீலத்துக்கு நழுவும். இதை அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு 1996இல் பயன்படுத்திக்கொண்டது. தங்கத் துகள்களின் மேல் டிஎன்ஏ இழைகளைக் கட்டி, அவற்றுக்கு ஏற்ற ஜோடி இழை வந்தால் துகள்கள் கூடி நிறம் மாறும்படி செய்தார்கள். தேடும் இழை கிருமியினுடையதாக இருந்தால், நிறமே தகவல் சொல்லிவிடும்.

இந்தத் தங்கத்தை இந்தியர்கள் ஏற்கனவே சந்தித்திருக்கிறார்கள், பலருக்கு அது தெரியாது என்றாலும். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியைக் கரைத்து, ஒரு பிளாஸ்டிக் அட்டையின் குழியில் சொட்டுவிட்டு, 15 நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் எத்தனையோ. அந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றில் தோன்றிய சிவப்புக் கோடு தங்கத் துகள்களின் கோடுதான். அதே அட்டை, அதே தத்துவம், உணவுக் கிருமிக்கும் பொருந்தும்.

அதன் வேலை இப்படி நடக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல ஒரு மெல்லிய பட்டை மாதிரித் திரவத்தை இழுத்துச் செல்கிறது. வழியில் தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு துகளின் மேலும் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கும். குறிப்பிட்ட கிருமியை மட்டும் அடையாளம் கண்டு கவ்விக்கொள்ளும் புரதம் அது. சால்மொனெல்லா வந்தால் தங்கத் துகள்கள் அதன் உடம்பெங்கும் அப்பிக்கொள்ளும். தங்கக் கவசம் போட்ட கிருமி மேலும் நகரும்போது, குறுக்கே கோடாகப் பதிக்கப்பட்டிருக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் அதைப் பிடித்து நிறுத்தும். ஆயிரக்கணக்கில் அங்கே சிக்கி நிற்கும்போது கண்ணுக்குச் சிவப்புக் கோடு தெரியும். கிருமி இல்லையென்றால் தங்கம் நிற்காமல் கடந்து போய்விடும். காலம் காலமாகப் பொன்னைச் சோதிக்கக் கல்லைத் தேடினார்கள். இங்கே பொன்னே உரைகல்லாகிவிட்டது. அதற்காகப் பெரிய செலவும் இல்லை. ஒரு மூக்குத்தித் தங்கத்தில் ஆயிரக்கணக்கான பட்டைகளுக்குத் துகள் செய்துவிடலாம். விலை கூடுவது எதிர்ப்பொருளால்தான்.

வெள்ளிக்கும் இதில் இடம் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டுபிடித்த ஒளிச்சிதறல், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கைரேகை உண்டு என்று காட்டியது. ஆனால் அந்தக் கைரேகை மிக மங்கலானது. சொரசொரப்பான வெள்ளிப் பரப்பின் மேல் அது பல லட்சம் மடங்கு பிரகாசமாவதை 1970களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கண்டார்கள். வெள்ளி, தங்க நானோ துகள்களோடு கிருமியைச் சேர்த்து லேசர் ஒளி பாய்ச்சி, வரும் கைரேகையைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் முறை அதிலிருந்து பிறந்தது. இரும்பு ஆக்சைடுத் துகள்கள் வேறு வேலை செய்கின்றன. எதிர்ப்பொருள் பூசிய அந்தத் துகள்களை உணவுக் கரைசலில் கலக்கி, வெளியே காந்தத்தை வைத்தால், கிருமிகள் துகளோடு சேர்ந்து ஓர் ஓரமாக வந்து ஒதுங்கும். முறத்தில் புடைத்துக் கல்லைப் பிரிப்பது போன்ற காரியம்.

இவ்வளவும் படித்த பிறகு, ஆசிரியையின் கையில் ஒரு பட்டையைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

சாதாரணத் தங்கப் பட்டையில் கோடு தெரிய வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டரில் பல்லாயிரம் முதல் பத்து லட்சம் கிருமிகள் வரை இருக்க வேண்டியிருக்கிறது. விதியோ 25 கிராமில் ஒன்றுகூடக் கூடாது என்கிறது. இடையில் உள்ள பள்ளத்தை நிரப்ப, சத்து நீரில் கிருமியைச் சில மணி நேரமாவது, பல சமயம் ஓர் இரவாவது வளர்க்கத்தான் வேண்டும். பட்டை 15 நிமிடத்தில் பேசும், ஆனால் பேசவைப்பதற்கு முன்னால் அவ்வளவு நேரம் ஆகும். நான்கைந்து நாள் என்பது ஒரு நாளாகக் குறைகிறது. அது பெரிய ஆதாயம்தான். மாயாஜாலம் இல்லை.

சுத்தமான தண்ணீரில் கிருமியைக் கலந்து சோதிப்பதும் கோழிக் குழம்பில் சோதிப்பதும் ஒன்றல்ல. எண்ணெய் பட்டையின் நுண்துளைகளை அடைக்கும். மஞ்சளும் மிளகாயும் கோட்டின் நிறத்தை மறைக்கும். இந்தியச் சமையல் எந்த நிறமானிக்கும் சவால். செத்த கிருமிக்கும் உயிருள்ள கிருமிக்கும் எதிர்ப்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. நன்றாகக் கொதித்த உணவில் உள்ள செத்த சால்மொனெல்லாவைப் பார்த்தும் கோடு விழலாம். இதற்கு நேர்மாறாக, ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உணவில் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழிவதில்லை. கிருமி செத்துக் கரைந்த பிறகும் நஞ்சு வேலை செய்யும். ஒரு பட்டை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்குச் சொல்லாது.

அவசரமான பதில் எப்படித் திரும்பிக் கடிக்கும் என்பதற்கு ஜெர்மனி சாட்சி. 2011 மே மாதத்தில் அந்நாட்டின் வடபகுதியில் ஈ.கோலியின் கொடிய வகை ஒன்று பரவியது. நோயுற்றவர்கள் 3,000க்கும் மேல், இறந்தவர்கள் 50க்கும் மேல். ஹாம்பர்க்கில் சோதித்த ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயில் ஈ.கோலி இருக்கிறது என்று அதிகாரிகள் மே 26 அன்று அறிவித்தார்கள். ஈ.கோலி இருந்தது உண்மை. ஆனால் ஆட்களைக் கொன்ற வகை அதுவல்ல என்று சில நாட்களில் தெரிந்தது. அதற்குள் ஸ்பெயினின் காய்கறிகளை வாங்க ஆளில்லை. விவசாயிகள் அறுத்த வெள்ளரியைக் குப்பையில் கொட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதன் விவசாயிகளுக்கு 21 கோடி யூரோ இழப்பீட்டை ஒதுக்க வேண்டியிருந்தது. உண்மையான குற்றவாளி ஜூன் 10 அன்று அறிவிக்கப்பட்டது: முளைகட்டிய பயிர். விசாரணை கடைசியில் போய் நின்றது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைகளில்.

ஒன்றியம் அங்கே இழப்பீடு கொடுத்தது. இந்திய நகரம் ஒன்றின் தெருவோரத் தள்ளுவண்டிக்காரரின் பாத்திரத்தில் தவறாக ஒரு சிவப்புக் கோடு விழுந்தால், அவருக்கு யார் கொடுப்பார்கள்? மறுநாள் கோடு பொய் என்று தெரிந்தாலும் வாடிக்கையாளர் திரும்ப மாட்டார். ஆகவே துரித சோதனை சந்தேகத்தை எழுப்பலாம், தீர்ப்பு எழுதக் கூடாது. அதன் பின்னால் அந்தப் பழைய அகார் தட்டு நிதானமாக நிற்க வேண்டும். சல்லடை முதலில், தராசு பிறகு.

அப்படியானால் இந்தப் பட்டையின் சரியான இடம் எது? விடை செருவத்தூரிலேயே இருக்கிறது. அங்கே ஷவர்மாவில் மட்டுமல்ல, மிளகுத்தூளிலும் சால்மொனெல்லா இருந்தது. ஷவர்மா அவசரக்காரன். வெட்டி, சுருட்டி, கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் காலி. அதைச் சோதிக்க எந்தப் பட்டைக்கும் நேரமில்லை. 2022 செப்டம்பரில் கேரள அரசு ஷவர்மாவுக்கென்று விதிகள் கொண்டுவந்தபோது, பொட்டலத்தின் மேல் தயாரித்த நேரத்தை எழுத வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று சொன்னது. அங்கே கடிகாரம்தான் பாதுகாப்பு.

மிளகுத்தூள் அப்படியில்லை. அது அரைத்த இடத்தில் காத்திருக்கிறது. மொத்த வியாபாரியின் கிடங்கில் காத்திருக்கிறது. கடையின் டப்பாவில் வாரக்கணக்கில் காத்திருக்கிறது. உலர்ந்த மசாலாவுக்குள் சால்மொனெல்லாவும் பல மாதங்கள் பொறுமையாகக் காத்திருக்கக் கூடியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டுக்கு இறக்குமதியாக வந்த மசாலாச் சரக்குகளில் சுமார் 7 சதவீதத்தில் சால்மொனெல்லா இருந்தது. இந்தியாவிலிருந்து போன சரக்கும் அந்தக் கணக்கில் அடக்கம். துறைமுகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும் இடத்தில் சோதனைக்கு நேரமும் பணமும் கிடைக்கின்றன. உள்ளூர் மிளகுத்தூளுக்கு அந்தப் பயம் இல்லை.

மசாலா அரவை ஆலை, பால் குளிரூட்டும் நிலையம், உறைய வைத்த இறைச்சிக் கிடங்கு, ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு ஒரே இடத்தில் சமைத்து அனுப்பும் பெரிய சமையல்கூடத்தின் தண்ணீர்த் தொட்டி, காய் நறுக்கும் பலகை. ஓர் இரவு காத்திருக்க இவற்றுக்கெல்லாம் அவகாசம் உண்டு. மாலையில் மாதிரி எடுத்து, இரவில் வளர்த்து, காலையில் பட்டையில் விட்டுப் பார்த்து, கோடு விழுந்தால் அந்த மூட்டையை ஒதுக்கி வைத்து, முறையான சோதனைக்கு அனுப்பலாம். உணவு காத்திருக்கும் இடத்தில் சோதிக்க வேண்டும். குழந்தை காத்திருக்கும் இடத்துக்கு வந்த பிறகு சோதனைக்கு நேரம் கிடையாது.

இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கோடு விழுந்த பிறகு யார் கரண்டியை நிறுத்துவார்கள்?

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே காரணம் கிருமியில்லை, பூச்சிமருந்து. தங்கப் பட்டை எதுவும் அதைக் காட்டியிருக்காது. ஆனால் சமையல் எண்ணெயில் ஏதோ கோளாறு என்று சமையல் செய்தவர் முன்பே சொன்னதாகவும், அது காதில் விழவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. அந்தச் செய்திகள் சரியானால், அன்று கருவி தோற்கவில்லை. உலகத்தின் மிகப் பழைய கருவியான மனித மூக்கு தன் வேலையைச் செய்திருந்தது. அதன் சொல்லுக்குத்தான் மதிப்பில்லை.

உணவின் மூலம் வரும் நோய்களால் உலகில் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் பாதிக்கப்படுகிறார்கள், 4.2 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. இறப்பவர்களில் 1.25 லட்சம் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இந்த எண்ணிக்கையைத் தங்கத் துகள் மட்டுமே குறைத்துவிடாது. அது எந்தக் கிருமியையும் கொல்வதில்லை, இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். கொல்வதற்கு அடுப்பு இருக்கிறது. தடுப்பதற்கு சோப்பும் சுத்தமான தண்ணீரும் சூடு ஆறாமல் பரிமாறும் பழக்கமும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட நானோ இல்லை.

ஆனாலும் மிளகுத்தூள் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதை அடுப்பும் சோப்பும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஒன்று, மாதுளைச் சிவப்பில், மலிவாக, ஓர் இரவு பொறுத்தால் பதில் தரும்படி வந்திருக்கிறது. பள்ளிக்கு மூட்டை வந்து இறங்குவதற்கு முன்பே அந்தச் சிவப்புக் கோட்டை யாராவது பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் மூட்டையை நிறுத்தும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். அது நடந்தால், பகல் 12.30 மணிக்கு ஆசிரியை வழக்கம் போல எழுந்து போவார். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பார். உப்பு கொஞ்சம் குறைவு என்பார். நாக்கால் சொல்ல முடிந்ததும், நாக்கு சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான்.